பின்வரிசை

1

போன வாரம் தம்பி வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். சென்னைக்கு வெளியே, நெடுஞ்சாலையை ஒட்டி எழும்பப்போகும் ஒரு குடியிருப்பின் படம். நீச்சல் குளம், நடைபாதை, அதில் கைகோத்து நடக்கும் ஒரு வெள்ளைக்காரக் குடும்பம். மரங்களெல்லாம் கம்ப்யூட்டரில் வளர்ந்தவை. 'எப்படிக்கா இருக்கு?' என்று கீழே கேட்டிருந்தான். உடனே அவனைக் கூப்பிட்டேன்.

"எடத்தை நேர்ல போய்ப் பாத்தியாடா?"

"பாத்தேன்க்கா. இப்போதைக்குப் பொட்டல்தான். ஆனா முன்னாடி ஒரு மாடல் வீடு கட்டி வச்சிருக்காங்க பாரு, அடேயப்பா! ஏசி, சோபா, எல்லாம் போட்டு..."

"அட்வான்ஸ் குடுத்துட்டியா?"

"குடுத்துட்டுத்தான்க்கா உங்கிட்ட கேக்குறேன்" என்றான்.

ஆக, இந்தக் குறிப்புகள் அவனுக்கு உதவப்போவதில்லை. இனி வாங்கப்போகிறவர்களுக்கு உதவுமா என்பதும் எனக்குத் தெரியாது. ஈப்போவுக்கு வெளியே, லகாட் பக்கம், இந்த வீட்டின் சாவி எங்கள் கைக்கு வந்து இந்த மாதத்தோடு ஒரு வருஷம் ஆகிறது. சாவி வருவதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதை ஊரில் இருப்பவர்களுக்கு நான் முழுதாகச் சொன்னதில்லை. தொலைபேசியில் சொல்லக்கூடிய கதையாக அது இல்லை.

நான் காரைக்குடிக்காரி. கல்யாணமாகி மலாய் நாட்டின் பேராக் மாநிலத்துக்கு வந்தவள். கணவர் செல்வராஜின் தாத்தா புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து இங்குள்ள ரப்பர் தோட்டத்துக்குக் கப்பலில் வந்தவர். ஊர்த் தொடர்பு அறுந்துபோகாமல் இருந்ததால் பெண் கேட்டு வந்தார்கள். "மாப்பிள்ளையோட அம்மா எவ்வளவோ வருஷமா மரம் வெட்டுனவங்க" என்று தரகர் சொன்னதும் என் அப்பா மிரண்டுபோனார். கையில் கோடாலியோடு ஒரு அம்மாளைக் கற்பனை செய்துகொண்டார். இங்கே மரம் வெட்டுவதென்றால் ரப்பர் மரத்தின் பட்டையைச் சீவிப் பால் எடுப்பது என்று எனக்கே வந்த பிறகுதான் தெரியும். சாலையைச் 'சடக்கு' என்பார்கள். காலைப் பலகாரம் சாப்பிட்டாயா என்று கேட்க 'பசியாறிட்டியா' என்பார்கள். முதல் வருஷம் முழுக்க என் தமிழையே நான் மறுபடி படித்தேன்.

2

எங்கள் ஊரில் வீடு கட்டுவார்கள். இங்கே வீடு வாங்குவார்கள்.

அப்பா வீடு கட்டியபோது நான் எட்டாவது படித்துக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அஸ்திவாரக் குழியின் ஓரத்தில் குடை பிடித்துக்கொண்டு நிற்பார். செங்கல்லைத் தட்டிப் பார்ப்பார், மணலை உள்ளங்கையில் தேய்த்துப் பார்ப்பார், கொத்தனாரோடு சண்டை போடுவார், மறுநாள் அவருக்கே டீ வாங்கிக் கொடுப்பார். பணம் தீர்ந்தால் வேலை நிற்கும், வந்தால் தொடரும். தம்பிக்கு மாடி எழுப்புவதற்காக விட்டுவைத்த கம்பிகள் இன்னும் மொட்டைமாடியில் துருப்பிடித்து நிற்கின்றன. அம்மா அவற்றில் கொடி கட்டித் துணி காயப்போடுகிறாள். அரைகுறைதான். ஆனால் எது நின்றது, ஏன் நின்றது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இங்கே நாங்கள் வாங்கியது ஒரு படத்தைத்தான். பழைய ரப்பர் தோட்டத்தை வழித்துவிட்டுச் செம்மண் தரையாக்கியிருந்தார்கள். தோட்டத்தின் கடைசியில், முன்பு ஈயம் தோண்டிய இடத்தில், ஒரு குட்டை. அதற்கு அப்பால் சுண்ணாம்புக் குன்றுகள். செம்மண் நடுவே விற்பனை அலுவலகமும் மாதிரி வீடும் மட்டும் பளபளவென்று நின்றன.

எங்களை அங்கே அழைத்துப்போனவர் லெட்சுமி அக்கா. என் மகள் தேன்மொழியைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோய் விடும் வேன் அவருடையது. அவரே ஓட்டுவார். ஐம்பதை எட்டிக்கொண்டிருந்தார். இந்த நாட்டில் செல்வராஜின் சொந்தக்காரர்களைத் தாண்டி எனக்குக் கிடைத்த முதல் மனுஷி அவர்தான். பிள்ளைகளை இறக்கிவிட்டு வரும் வழியில் எங்கள் வாசலில் வேனை நிறுத்தி, "தங்கச்சி, பசியாறிட்டியா? ஏறு, பாசாருக்குப் போலாம்" என்பார். சந்தையில் மீன் பேரம் பேசவும், மலாயில் கோபப்படவும் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

மாதிரி வீட்டின் படுக்கையறையில் நின்று, விற்பனைப் பெண்ணின் காதில் விழும்படியே அவர் சொன்னார்: "இந்தக் கட்டில்ல யாருலா படுப்பா? கால் வெளிய வந்துரும். ரூம் பெருசாத் தெரியணும்னு கட்டிலைச் சின்னதாப் போட்டிருக்கான்."

அப்படி எல்லாவற்றையும் கண்டுபிடித்தவர்தான் வீட்டுக்குப் பதிவும் செய்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. வேனில் திரும்பி வரும்போது அவரே சொன்னார்.

"பொறந்தது தோட்டத்து வீடு. கோலா கங்சார்ல. வேலை முடிஞ்சிச்சு, வீட்டையும் காலி பண்ணுன்னுட்டான். அப்புறம் அண்ணன் வீடு. அப்புறம் மாமியா வீடு. இவரு ஜொகூருக்கு வேலைக்குப் போயி அங்கியே இருந்துட்டாரு. நான் வாடகை வீட்டுக்கு வந்துட்டேன். அண்ணனும் மாமியாளும் தவ்கேயும் இல்லாத வீடு ஒண்ணு வேணும்லா எனக்கு."

தவ்கே என்றால் முதலாளி. சேமநிதியில் இருந்ததை எடுத்து முன்பணம் கட்டினார். அவர் வயதுக்கு வங்கி கொடுத்தது குறுகிய காலக் கடன், மாதத் தவணை அதிகம். பின்வரிசையில் ஒரு வீட்டைத் தேர்ந்தெடுத்தார். "காலைல கதவைத் தொறந்தா மலை" என்றார். நாங்கள் முன்வரிசையில் எடுத்தோம். செல்வா தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்ப்பவர். பெரிய சடக்குக்குப் பக்கத்தில் இருந்தால் நல்லது என்று நினைத்தார். காரணம் அவ்வளவுதான். அவருக்கும் மலை பிடித்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி ஆகியிருக்கும்.

3

வேலை ஒரே நாளில் நிற்கவில்லை. முதலில் கவனித்தவர் லெட்சுமி அக்காதான். வேன் ஓட்டும் வழியில் தினமும் அந்தப் பக்கம் ஒரு சுற்றுப் போய் வருவார். "தங்கச்சி, சிமெண்டு லோரி வரக் காணோம்லா" என்றார் ஒரு நாள். அப்புறம், "வேலைக்காரப் பசங்க பாதிப் பேரு இல்ல" என்றார். அப்புறம் ஒரு நாள் என்னையும் கூட்டிப்போனார். விற்பனை அலுவலகத்தில் ஏசியைக் கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். சுவரில் அது இருந்த இடத்தில் ஓட்டை. அதற்குள் ஒரு மைனா கூடு கட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் வரிசையில் சுவர் எழும்பி, கூரைச் சட்டம் ஏறியிருந்தது, ஓடு இல்லை. பின்வரிசையில் சுவர் பாதி. பலகைகளையும் கம்பிகளையும் போட்டது போட்டபடி விட்டுவிட்டுப் போயிருந்தார்கள். மழை பெய்தால் செம்மண் கரைந்து சடக்கு வரை ஓடும். ஈப்போவில் மழைக்கா பஞ்சம்? சில மாதங்களில் வீடுகளுக்குள்ளே லாலாங் புல் இடுப்புயரம் வளர்ந்துவிட்டது.

இங்கே வங்கி, வீடு எழும்ப எழும்பக் கட்டம் கட்டமாகப் பணத்தைக் கட்டுமான நிறுவனத்துக்குக் கொடுக்கும். கொடுத்த பணத்துக்கு அன்றிலிருந்தே வட்டி நம் தலையில். வீடு நின்றாலும் வட்டி நிற்காது. இருக்கும் வீட்டுக்கு வாடகை, இல்லாத வீட்டுக்கு வட்டி. செல்வா ஓவர்டைம் பார்த்தார். நான் வரவேற்பறையில் பத்துப் பிள்ளைகளை உட்காரவைத்துக் கணக்கு டியூஷன் எடுத்தேன். நிறுவனத்தின் எண்ணுக்கு அடித்தால் முதலில் இனிமையான குரல் வந்தது. பிறகு பாட்டு மட்டும் வந்தது. பிறகு அதுவும் இல்லை.

செல்வாவுக்குப் பகல் வேலை என்பதால் வீடமைப்பு அலுவலகத்துக்கு நான்தான் போனேன். முகப்பில் இருந்தது இளம் மலாய்ப் பெண். கணினியில் பார்த்துவிட்டு, மெதுவாக, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "புவான், புரொஜெக் இனி சாக்கிட்."

'அம்மா, இந்தத் திட்டம்' என்றுதான் தொடங்கியிருக்கிறாள், எனக்குப் பிடிபட்டது கடைசிச் சொல் மட்டும். சாக்கிட் என்றால் நோய். கிளினிக்கில் கற்ற சொல். எனக்குத்தான் ஏதோ நோய் என்கிறாள் என்று நினைத்து, "தா, தா, சாயா சிஹாட்" என்றேன். இல்லை, இல்லை, நான் நல்லாத்தான் இருக்கேன். அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். பிறகு ஒரு தாளில் எழுதிக் காட்டி விளக்கினாள். நின்றுபோகும் வீட்டுத் திட்டங்களுக்கு இங்கே மூன்று நிலைகளாம். தாமதம், நோய், கைவிடப்பட்டது. எங்களுடையது நோய் நிலையில் இருக்கிறது. "இன்னும் கைவிடப்படவில்லை" என்று ஆறுதலாகச் சொன்னாள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவது போல வந்தேன். வேனில் காத்திருந்த லெட்சுமி அக்காவிடம் சொன்னபோது, "ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிப் பாத்துட்டு வந்துருவமா?" என்றார். அன்றைக்கு அவர் சிரித்தார்.

மலாயில் 'பெலும்' என்று ஒரு சொல் உண்டு. இன்னும் இல்லை என்று பொருள். வெறும் 'இல்லை' வேறு சொல். அறுபது வயதுக்காரரிடம் கல்யாணமாகிவிட்டதா என்று கேட்டாலும் 'பெலும்' என்றுதான் சொல்வார். நான் இந்நாட்டுக் குடிமகள் அல்ல. மனைவி என்ற முறையில் கிடைக்கும் அனுமதியை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். குடிநுழைவு அலுவலகத்தில் ஒருமுறை சொந்த வீடா என்று கேட்டார்கள். 'பெலும்' என்றேன். அடுத்த முறையும் அதையே சொன்னேன். அந்தச் சொல் எனக்கு நன்றாக வாயில் வந்துவிட்டது.

வீட்டுப் பத்திரத்தில் என் பெயர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வெளிநாட்டவரைச் சேர்ப்பதில் ஏகப்பட்ட சிக்கல் என்றார்கள், விட்டுவிட்டோம். ஆனால் வீடு வாங்கியவர்கள் சேர்ந்து நடத்திய கூட்டங்களுக்கெல்லாம் போனது நான்தான். அவற்றை நடத்தியவர் ரஹிம் என்ற பள்ளி ஆசிரியர். சிக்கு ரஹிம் என்போம், சிக்கு என்றால் ஆசிரியர். அவரும் முன்வரிசையில் வாங்கியவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூடுவோம். மலாய்க்காரர்கள், சீனர்கள், நாங்கள். யாரோ காப்பி கொண்டுவருவார்கள், யாரோ குவே என்னும் மலாய்ப் பலகாரம் கொண்டுவருவார்கள். லெட்சுமி அக்கா மசால்வடை கொண்டுவருவார். ஒரே நோயாளியைப் பார்க்க வந்த உறவுக்காரர்கள் போலப் பழகிவிட்டோம்.

4

பல வருஷம் கழித்து ஒரு புது நிறுவனம் வந்தது. பாதியில் நின்றதை எடுத்துக் கட்டித் தருகிறேன் என்றது. தாமதத்துக்கான இழப்பீட்டை நாங்கள் விட்டுக்கொடுக்க வேண்டும். சரி, விட்டுத்தொலைப்போம் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். இன்னொரு நிபந்தனையும் இருந்தது. பின்வரிசையைக் கட்ட மாட்டார்கள். பழைய ஈயக்குட்டையை மண் போட்டு மூடி, அதன்மேல் எழுப்பிய வரிசை அது. நிலம் இறங்குகிறது என்று அவர்களுடைய பொறியாளர் சொல்லிவிட்டார். அந்த வீடுகளை இடித்துவிட்டு, அங்கே மழைநீர் தேங்கும் குளம் வெட்டுவார்கள். பின்வரிசைக்காரர்களுக்குக் கட்டிய பணம் திரும்பக் கிடைக்கும், அதிலும் ஏதேதோ பிடித்தம் போக. வேண்டுமானால் அடுத்த கட்டத்தில் புது விலைக்கு வாங்கிக்கொள்ளலாம். இதற்கு எல்லோரும் கையெழுத்துப் போட்டால்தான் வேலை தொடங்கும்.

லெட்சுமி அக்காவுக்கு இனி எந்த வங்கியும் கடன் தராது. அந்த வயதைத் தாண்டிவிட்டார். அடுத்த கட்டம் என்பது அவருக்கு இல்லாத கட்டம்.

செய்தி வந்த அன்று சாயங்காலம் செல்வா வேலை முடிந்து வந்ததும் சொன்னேன். குளிக்கக்கூடப் போகாமல் உட்கார்ந்து கேட்டார்.

"கையெழுத்துப் போட்டுருவோம் மீனா" என்றார்.

"அக்கா?"

"நான் என்னா செய்யறது? எத்தனை வருஷம்? இந்த முட்டி தாங்காது, இன்னும் ரெண்டு வருஷம் ஓவர்டைம் பாத்தா."

"அவங்கதாங்க நம்மளை அங்க கூட்டிட்டுப் போனாங்க."

"அதான் நானும் சொல்றேன்! அவங்க கூட்டிட்டுப் போகலைன்னா இந்தத் தொல்லையே இல்லைலா!"

சொன்ன உடனே அவருக்கே வருத்தமாகிவிட்டது. எழுந்து குளிக்கப் போய்விட்டார். வெகுநேரம் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. வெளியே வந்து தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "நான் கூட்டத்துக்கு வாரேன். லீவு போடுறேன். பின்வரிசைக்கு என்னா வழின்னு நானே கேக்குறேன். வேற என்னா செய்யணும்னு நீ சொல்லு."

வேறு என்ன செய்ய வேண்டும் என்று எனக்கும் தெரியவில்லை. போடாதீர்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அந்த வீடு எனக்கு வேண்டும். உண்மை அதுதான். நாங்கள் போடாமல் இருந்தால் என்ன ஆகும் என்றும் யோசித்தேன். எல்லோருக்கும் இல்லாமல் போகும், லெட்சுமி அக்காவுக்கும் சேர்த்து. அது நியாயமான யோசனைதான். ஆனால் அந்த நியாயத்தை நான் கண்டுபிடித்த வேகம் எனக்குப் பிடிக்கவில்லை.

மேசையில் வீட்டுப்பாடம் செய்துகொண்டிருந்த தேன்மொழி எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அதற்குள் இடைநிலைப்பள்ளிக்குப் போய்விட்டிருந்தாள், அக்காவின் அதே வேனில்தான். அங்கே ஆசிரியர் வருகைப் பதிவில் அவள் பெயரை ஆங்கிலத்தில் 'தென்' என்று பாதியோடு நிறுத்திவிடுவாராம். தோழிகளும் அப்படித்தான். வீட்டில் நான் தமிழில் கேட்டால் அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்ல ஆரம்பித்திருந்த காலம். கொஞ்சம் கொஞ்சமாக எங்கள் கையை விட்டுப் போகிறாளே என்று நான் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன். அன்றைக்கு நல்ல தமிழில் கேட்டாள்.

"ம்மா, வேன் ஆன்ட்டிக்கு வீடு இல்லன்னா நமக்கு மட்டும் எப்படிம்மா இருக்கும்?"

படுத்துக்கொள் என்று சொன்னேன். மணி எட்டுகூட ஆகியிருக்கவில்லை.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை சிற்றுண்டிச்சாலை நிறைந்திருந்தது. எப்போதும் கலந்து உட்காருகிறவர்கள் அன்றைக்குத் தாமாகவே பிரிந்து உட்கார்ந்திருந்தார்கள். பின்வரிசைக்காரர்கள் ஒரு மேசையில். லெட்சுமி அக்கா வடை கொண்டுவரவில்லை. அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "வந்துட்டியா" என்றார்.

சிக்கு ரஹிம் எல்லாவற்றையும் விளக்கினார். நாலு பேருக்கு முன்னால் எழுந்து நின்று பேசியே அறியாத என் கணவர் எழுந்தார். மலாயில் கேட்டார்.

"பின்வரிசைக்காரங்க என்னா தப்பு பண்ணாங்க? நிலத்தைப் பாத்து வித்தது அவங்க இல்லையே. அவங்க பணத்துல ஏன் பிடிக்கணும்? முதல்ல அவங்க பணம் முழுசா வரட்டும். அப்புறம் நம்ம வேலை தொடங்கட்டும். இதை எழுதிக் குடுத்தாத்தான் நான் கையெழுத்துப் போடுவேன்."

ஒரு சீனர் கை தட்டினார். சிலர் தலையாட்டினார்கள். சிலர் நேரமாகிறது என்பது போலக் கைப்பேசியைப் பார்த்தார்கள். நிறுவனத்திலிருந்து வந்திருந்தவர் வெளியே போய் யாருடனோ பேசிவிட்டு வந்தார். பிடித்தம் இல்லை, பணம் முதலில், எழுதித் தருகிறோம் என்றார்.

அவ்வளவுதான் எங்களால் முடிந்தது. அதற்கு மேல் கேட்க யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. பணம் திரும்பக் கிடைப்பதைப் பெரிய வெற்றி போலப் பேசிக்கொண்டார்கள். அப்போது லெட்சுமி அக்கா எழுந்தார். மலாயில் ஆரம்பித்தார்.

"நான் போய்ப் பார்த்தேன். என் வீட்டுச் சுவரில் விரல் நுழையும் விரிசல். அங்கே வீடு நிற்காது. நான் தடுத்தால் எனக்கு வீடு வந்துவிடாது. அதனால் நானும் போடுகிறேன், நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போடுங்கள்."

எங்கும் ஒரு பெருமூச்சு. நானும் மூச்சு விட்டேன், அது எனக்கே கேட்டது. அவர் உட்காரவில்லை. தமிழுக்கு மாறிவிட்டார். யாருக்குப் புரிகிறது, யாருக்குப் புரியவில்லை என்று பார்க்கவில்லை.

"நான் நல்லவள்னு நெனச்சுக்காதீங்க. எனக்குக் கோவமா இருக்கு. அடக்க முடியாத கோவம். யாரு மேலன்னு தெரியல. ஒண்ணே ஒண்ணு செய்ங்க. எம் பின்னாடி போடாதீங்க. எம் மொகத்தைப் பாத்துப் போடுங்க."

ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துக்கொண்டுபோய், கையெழுத்துப் போடும் மேசைக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். மலாய்க்காரர்களும் சீனர்களும் புரிந்துகொண்டார்கள். மொழிபெயர்க்கத் தேவை இருக்கவில்லை.

ஒவ்வொருவராகப் போனார்கள். குனிந்து கையெழுத்துப் போட வேண்டும், நிமிர்ந்தால் எதிரே அவர் முகம். ஒரு மலாய்ப் பெண் போட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டார். ஒருவர் நிமிராமலேயே திரும்பிப் போய்விட்டார். கை தட்டிய சீனர் பேனாவைத் திறந்து மூடித் திறந்து, வெகுநேரம் நின்றார். அக்கா ஒவ்வொருவரையும் பார்த்தார். திட்டவில்லை, அழவில்லை. பார்த்தார், அவ்வளவுதான். மற்றப் பின்வரிசைக்காரர்களும் எழுந்து வந்து அவருக்குப் பின்னால் நின்றுகொண்டார்கள்.

செல்வா போட்டபோது அக்கா, "முட்டி எப்படி இருக்கு தம்பி?" என்று கேட்டார். "வலிக்குதுக்கா" என்றார் செல்வா. கண் கலங்கிவிட்டது.

எனக்குப் போட எதுவும் இல்லை. பத்திரத்தில் பெயர் இல்லாதவள் நான். ஆனாலும் வரிசையில் செல்வாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். என் முறை வந்தது போல அவர் முன்னால் போய் நின்றேன். அவர் என்னையும் பார்த்தார். மற்றவர்களைப் பார்த்த அதே நேரம், அதே மாதிரி.

திங்கட்கிழமை காலை வேன் வழக்கம் போல வாசலில் வந்து ஹாரன் அடித்தது. தேன்மொழி கதவுக்குப் பின்னால் பையை மாட்டிக்கொண்டு நின்றாளே தவிர வெளியே போகவில்லை. "எனக்கு மாலுவா இருக்கும்மா" என்றாள். மாலு என்றால் வெட்கம். அக்கா வேனிலிருந்து இறங்கியே வந்துவிட்டார்.

"ஏன் மூஞ்சியத் தொங்கப் போட்டுருக்க? நீயா கையெழுத்துப் போட்ட? ஏறு, மத்தப் பிள்ளைங்களுக்கு லேட்டாவுது."

என்னைப் பார்த்து, "தங்கச்சி, பசியாறிட்டியா?" என்றார். இல்லை என்றேன். "நானும் இல்ல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பாசாருக்குப் போகலாம் என்று அன்றைக்கு அவர் கூப்பிடவில்லை. அதற்கப்புறம் கொஞ்ச மாதங்கள் கூப்பிடவே இல்லை. பிறகு ஒரு நாள், எதுவும் நடக்காதது போல, கூப்பிட்டார். நானும் எதுவும் நடக்காதது போலப் போனேன். மீன் வாங்கினோம். பழையபடியா என்றால், இல்லை. ஆனால் வாங்கினோம்.

6

பின்வரிசைக்காரர்களுக்குப் பணம் முதலில் வந்தது, முழுதாக. அதை மட்டும் நிறுவனம் சொன்னபடி செய்தது. அக்கா அந்தப் பணத்தில் கொஞ்சம் எடுத்து வேனை மாற்றினார். மிச்சத்தைப் போட்டுவைத்தார். ஈப்போவில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வாடகைக்குப் போனார். எங்கள் வீடு எழும்பியது. இம்முறை செல்வாவும் நானும் வாரம் தவறாமல் போய் நின்று பார்த்தோம், என் அப்பா மாதிரி. பார்த்து ஒன்றும் ஆகப்போவதில்லை. மேஸ்திரி எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஆனாலும் போனோம்.

ஒரு வருஷத்துக்கு முன் பால் காய்ச்சிக் குடி புகுந்தோம். அக்காவை அழைக்க நானும் தேன்மொழியும் போனோம். வருவார் என்று நான் நினைக்கவில்லை. வந்தார். புதுப்புடவை, தலையில் பூ, கையில் பெரிய பை. பால் பொங்கும்போது எல்லோரோடும் நின்று கும்பிட்டார். சாப்பாட்டுக்கு முன்னால், "மேல காட்டு" என்றார்.

மாடியில் பின்பக்க அறை தேன்மொழியுடையது. அக்கா பையைத் திறந்து இரண்டு சன்னல் திரைகளை எடுத்தார். இளம்பச்சைத் துணி, ஓரத்தில் கையால் போட்ட பூவேலை. மடிப்பு விழுந்து, மடிப்பின் மேல் கோடாக நிறம் மங்கியிருந்தது. பல வருஷம் பெட்டியில் இருந்த துணி என்று பார்த்த உடனே தெரிந்தது.

"அளவு சரியா இருக்கும். எல்லா வீடும் ஒரே அளவுதானே" என்றார்.

"அக்கா, இது உங்க வீட்டுக்குத் தைச்சதா? வேணாம்க்கா. உங்க வீட்டுக்கே வச்சுக்கங்க."

"எந்த வீட்டுக்குலா?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே எந்த வீடு என்று கேட்பது போலக் கேட்டார். கடை மாடியில் சன்னலுக்குப் பதில் கம்பி வலைதான் என்று அப்போதுதான் எனக்கு நினைவு வந்தது.

அவரே நாற்காலியில் ஏறி மாட்டினார். நான் நாற்காலியைப் பிடித்துக்கொண்டேன், தேன்மொழி வளையங்களை எடுத்துக் கொடுத்தாள். அளவு சரியாக இருந்தது. மாட்டி முடித்து, திரையை ஒதுக்கிவிட்டு, அப்படியே நாற்காலி மேல் நின்றபடி வெளியே பார்த்தார். பின்வரிசை இருந்த இடத்தில் இப்போது வேலி போட்ட குளம். அதற்கு அப்பால் குன்றுகள். குளத்தின் ஓரத்தில் மூன்று நாலு வெள்ளைக் கொக்குகள் நின்றன.

"எம் வீட்டுல கொக்கு குடி வந்துருச்சு பாத்தியா" என்றார்.

முதலில் அவர்தான் சிரித்தார். பிறகு தேன்மொழி. நான் சிரித்தேனா என்று நினைவில்லை. அவர் இறங்குவதற்குக் கை கொடுத்தேன், என் தோளில் நன்றாகப் பாரம் போட்டு இறங்கினார்.

"மேற்கு பாத்த சன்னல். சாயங்காலம் வெயில் உள்ள வரும், இழுத்து விட்டுக்கங்க" என்று தேன்மொழியிடம் சொல்லிவிட்டு, சாப்பாடு ஆறிப்போகும் என்று கீழே போய்விட்டார்.

அவர் சொன்னபடியே சாயங்காலம் வெயில் வருகிறது. தேன்மொழியின் படிப்பு மேசை மேல் நேராக அடிக்கிறது, அவள் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு படிக்கிறாள். திரையை இழுத்துவிடேன் என்று ஒரு நாள் சொன்னேன். வேண்டாம்மா, குளம் மறைஞ்சிரும் என்றாள். நானும் இழுக்கவில்லை.